'விடு' என்றால் விடணும்: தோட்டத்து நாய்க்குட்டிக்கு முதல் பாடங்கள்

பூச்சிக்கொல்லி அடிக்காத தோட்டம், உரக்கடை வாசலையே மிதிக்காத தோட்டம். அங்கே ஒரு நாய்க்குட்டிக்கு என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இயற்கைவழித் தோட்டத்துக்குள்ளும் நாய்க்கு எமனாகக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. அதை நாமே மூட்டையாக வாங்கி வந்து இறக்குகிறோம். ஆமணக்குப் புண்ணாக்கு.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற நஞ்சு உண்டு. அது எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடேற்றினால் அழிந்துவிடும்தான். ஆனால் நமக்குக் கிடைக்கிற மூட்டை எவ்வளவு சூடு பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. மாடு கட்டியிருக்கும் வீட்டில் அதைத் தீவனப் பக்கம் வைக்கக்கூடாது என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். நாயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 'நாய் எங்கங்க புண்ணாக்குத் தின்னப் போகுது?' என்பார்கள். தின்னும். குட்டியாக இருந்தால் கட்டாயம் தின்னும். எலும்புத்தூளோ மீன் கழிவோ கலந்து வைத்திருந்தால் பெரிய நாயே மண்ணைப் பறித்துத் தின்னும்.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு இடத்தைக் கவனிக்கணும். காண்டாமிருக வண்டைப் பிடிக்க, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் வைக்கிறோம் அல்லவா? நல்ல முறைதான், வண்டும் வந்து விழும். ஆனால் ரிசின் தண்ணீரில் கரையக்கூடியது. வெயில் நேரத்தில் தாகத்தோடு சுற்றுகிற குட்டிக்கு அது தரைமட்டத்தில் வைத்த தண்ணீர்ப்பானை, அவ்வளவுதான்.

பக்கத்துக் காட்டுக்காரர் எலிக்கு வைக்கிற மருந்து தனி. பொரியில் எண்ணெய் தடவி, கருவாடு கலந்து, வாசனையாக வைப்பார்கள். அவர் வைப்பதை நாம் தடுக்க முடியாது. குட்டி வரப்பைத் தாண்டாது என்று சொல்லவும் முடியாது.

அதனால்தான் இந்தக் கட்டுரையில் கை கொடுக்கவும் உருளவும் சொல்லித்தரப் போவதில்லை. தோட்டத்துக் குட்டிக்கு முதலில் வேண்டியது மூன்று சொல். உட்காரு, விடு, வா. இதில் உயிரைக் காப்பாற்றுவது 'விடு'. ஆனால் பாடத்தை அதிலிருந்து தொடங்க முடியாது. 'உட்காரு'தான் அகரம்.

எப்போது தொடங்குவது?

குட்டி தாயோடு எட்டு வாரமாவது இருக்கணும். கண் திறந்த கையோடு தூக்கி வந்து பால் புட்டி காட்டி வளர்ப்பது பெருமை இல்லை. கூடப் பிறந்ததுகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அதைத் தாய்நாய் அளவுக்கு நம்மால் சொல்லித்தர முடியாது.

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைக்கும் குட்டியின் மனசு அகலத் திறந்திருக்கும் காலம். இந்தக் காலத்தில் பயமில்லாமல் பார்த்தது எல்லாம் 'நம்ம வீட்டுச் சாமான்' என்று பதிந்துவிடும். மாடு, கோழி, டிராக்டர் சத்தம், வேலைக்கு வருகிற பெண்கள், தலைப்பாகை கட்டிய ஆள், மண்வெட்டி தூக்கிய ஆள், எல்லாமே. இந்த நாட்களில் மோட்டார் அறையில் கட்டிப்போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து அவிழ்த்துவிட்டு, 'ஆளைக் கண்டாலே பாயுது' என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

எட்டு வாரத்துக் குட்டியாலேயே 'உட்காரு' கற்றுக்கொள்ள முடியும். ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கன்னியா, கோம்பையா, தெருவில் கிடந்ததா என்பது இந்தப் பாடத்துக்கு முக்கியமில்லை. இனம் எங்கே குறுக்கே வரும் என்பதைக் கோழி பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

தீனி

ஒரு வேகவைத்த முட்டையை நறுக்கினால் நிலக்கடலைப் பருப்பில் பாதி அளவுக்கு நாற்பது துணுக்காவது தேறும். இரண்டு நாள் பாடத்துக்குத் தாங்கும். வேகவைத்த ஈரல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்புப் போக அலசிய நெத்திலி எல்லாம் நல்லதுதான். துணுக்கு சின்னதாக இருக்கணும். குட்டிக்கு வயிறு நிறைவது பாடத்தின் நோக்கம் இல்லை, 'இன்னொன்று வருமா' என்று அது நம் முகத்தைப் பார்ப்பதுதான் நோக்கம். ஒரு நாள் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தத் தீனி போகவேண்டாம்.

களத்தில் கிடக்கிற நிலக்கடலையை அள்ளிப் போடாதீர்கள். பூசணம் பிடித்த கடலையிலும் கடலைப் புண்ணாக்கிலும் வருகிற அஃப்ளாடாக்சின் நாயின் ஈரலைத் தாக்கும். மற்ற கால்நடைகளைவிட நாய் அதைக் குறைவாகத்தான் தாங்கும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் இவையும் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

உட்காரு

குட்டி பசியோடு இருக்கும் நேரம், சாப்பாட்டுக்குச் சற்று முன், வீட்டு முற்றத்தில். சுற்றிலும் வேடிக்கை எதுவும் இருக்கக்கூடாது. ஒரு துணுக்கை விரல் நுனியில் பிடித்து மூக்குக்கு முன்னால் காட்டுங்கள். மோப்பம் பிடித்ததும், கையை மூக்கிலிருந்து தலைக்கு மேலாக, பின்பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். குட்டியின் மூக்கு கையைத் தொடர்ந்து மேலே போகும். மூக்கு மேலே போனால் பின்பக்கம் தானாகத் தரைக்கு வரும். உடல் அமைப்பு அப்படி. பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியில் 'சரி' என்று சொல்லுங்கள், துணுக்கைக் கொடுங்கள்.

குட்டி எம்பிக் குதித்தால் கையை ரொம்ப உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்று பொருள். பின்னாலேயே நடந்து போனால் சுவர் ஓரமாக நிறுத்திச் செய்யுங்கள். இடுப்பைப் பிடித்து அழுத்தி உட்காரவைக்கவே கூடாது. வளர்கிற எலும்பு என்பது ஒரு காரணம். இன்னொன்று, யாராவது அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவதுதான் எந்த உயிருக்கும் இயல்பு. நாம் அமுக்க அமுக்க அது எழுந்திருக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

இங்கே எல்லாமே அந்த 'சரி' விழுகிற நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு செயலைச் செய்து ஒன்றிரண்டு நொடிக்குள் நல்லது நடந்தால்தான் குட்டி இரண்டையும் முடிச்சுப் போடும். உட்கார்ந்தது, நீங்கள் பையில் கைவிட்டுத் துழாவினீர்கள், அதற்குள் எழுந்து நின்றது, அப்போது கொடுத்தீர்கள் என்றால் எழுந்து நின்றதற்குத்தான் கூலி கொடுத்திருக்கிறீர்கள். ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவ் செரிமானத்தை ஆராயப்போய், உணவுக்கு முன் கேட்கிற ஓசைக்கே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் காட்டினார். நம் வீட்டிலும் தட்டுச் சத்தம் கேட்டதும் குட்டி ஓடிவருகிறதே, அதுதான் இது. 'சரி' என்ற சொல்லும் அப்படியே வேலை செய்யும். தீனி வந்துசேர ஒரு நொடி பிந்தினாலும், எதற்காகக் கிடைத்தது என்பதை அந்தச் சொல் குறித்துவைத்துவிடும்.

கவனித்திருப்பீர்கள், இதுவரை 'உட்காரு' என்ற சொல்லையே நாம் சொல்லவில்லை. கையைக் கண்டதும் பத்துக்கு எட்டுத் தடவை தயங்காமல் உட்காருகிற நிலை வந்தபிறகுதான் சொல்லைச் சேர்க்கணும். சொல் முதலில், கை அடுத்து, 'சரி' கடைசியில். நிற்கிற குட்டியைப் பார்த்து 'உட்காரு உட்காரு உட்காரு' என்று முப்பது தடவை கத்தினால், அந்தச் சொல்லுக்குப் பொருள் 'நில்' என்றுதான் அதற்கு ஆகும்.

வீட்டில் ஒரு பஞ்சாயத்தும் முதலிலேயே பேசி முடிக்கவேண்டியிருக்கிறது. அப்பா 'உட்காரு' என்பார், தாத்தா 'குந்து' என்பார், அம்மா 'உக்காருடா சாமி' என்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் 'சிட்' என்பார்கள். குட்டி நாலு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கும். ஏதாவது ஒரு சொல், எல்லோருக்கும் அதே சொல். கைச்சைகையும் ஒன்றாகவே இருக்கட்டும். நாய்கள் சொல்லைவிடச் சைகையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடுகிற சத்தத்திலும் காற்றடி காலத்திலும் சைகைதான் உதவும்.

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் போதும், நாளைக்கு மூன்று தடவை. இதற்கு மேல் இழுத்தால் குட்டி வாயைப் பிளந்து கொட்டாவி விடும், தரையை மோப்பம் பிடிக்கும். அலட்சியம் இல்லை அது, அலுப்பு. சின்னக் குட்டி ஒரு நாளில் பெரும்பகுதி தூங்கித்தான் வளர்கிறது.

முற்றத்தில் கற்றது தோப்பில் வராது. 'நேத்துப் பண்ணுச்சே, இன்னிக்கு வேணும்னே பண்ண மாட்டேங்குது' என்று சொல்வோம். வேணும்னு இல்லைங்க. முற்றத்தில் உட்காருவதும் வாழை நடுவில் உட்காருவதும் குட்டிக்கு இரண்டு வேறு பாடம். இடம் மாறும்போதெல்லாம் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு இடத்திலும் முந்தையதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும்.

விடு

ஒரு துணுக்கைக் கைக்குள் வைத்து இறுக்கமாக மூடிக் குட்டியின் முன் நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், பால்பல்லால் கடித்தும் பார்க்கும். பேசாமல் இருங்கள், கையைப் பின்னுக்கு இழுக்காதீர்கள். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து, 'இது ஆகாது' என்று முகத்தைக் கொஞ்சம் விலக்கும். அந்த நொடியில் 'சரி'. கொடுப்பது மட்டும் மற்றக் கையிலிருந்து. மூடிய கையில் உள்ளதைக் கொடுக்கவே கூடாது. விட்டது விட்டதுதான், அதைவிட நல்லது வேறு பக்கத்திலிருந்து வரும் என்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

கை நீட்டியதும் தானாக விலகுகிற நிலை வந்தால் 'விடு' என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு கையைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். பாய்ந்தால் மூடிக்கொள்ளலாம். அடுத்து துணுக்கைத் தரையில் போட்டுப் பாதத்தால் மறைத்துச் செய்யணும். அதற்கடுத்து கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி, தரையில் கிடக்கிற கருவாட்டுத் துண்டை எட்டாத தூரத்தில் கடந்து போகணும். 'விடு' என்றதும் அது நம் பக்கம் திரும்பினால் பையிலிருந்து முட்டைத் துணுக்கு. இந்தப் படிகளுக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், குட்டி ஒரு தடவை கருவாட்டைக் கவ்விவிட்டால் போதும், பாடம் பத்து நாள் பின்னுக்குப் போகும்.

பழக்குவதற்கு உண்மையான புண்ணாக்கையோ பானையையோ பயன்படுத்தவேண்டாம். வாசனை அடிக்கிற வேறு எத்தனையோ இருக்கிறது நம் தோட்டத்தில். மீன் அமிலப் பீப்பாயின் மூடியைத் திறந்தால் குட்டி அந்தப் பக்கத்து வயலிலிருந்து வரும். மூடிய பீப்பாய்ப் பக்கம் கயிற்றோடு நடத்திச் சென்று 'விடு' சொல்லிப் பாருங்கள். அதுவும் விட்டுத் திரும்பினால் பாடம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே எதையோ வாயில் கவ்விவிட்டால்? துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டு. கத்திக்கொண்டு குச்சியோடு ஓடினால், பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்து அவசரமாக விழுங்கிவிடும். துப்பியிருக்கக்கூடிய பொருள் வயிற்றுக்குள் போவது இப்படித்தான். குனிந்து, கையில் தீனியைக் காட்டி, சாதாரணக் குரலில் 'விடு'. வாயைத் திறந்து போட்டதும் தீனியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, கீழே கிடப்பதை எடுத்துக்கொள்ளலாம். செருப்பு, தேங்காய் மட்டை, சொட்டுநீர்க் குழாய்த் துண்டு இவற்றை வைத்தே இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பழக்கலாம். சொட்டுநீர்க் குழாயைக் கடிக்கிற வயதில் பழக்க வாய்ப்புக்குப் பஞ்சமே இல்லை.

வா

இதற்கு வழிமுறை சின்னது, கட்டுப்பாடுதான் பெரிது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து மாறி மாறி அழைத்து, வந்தபோதெல்லாம் துணுக்கு கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் 'வா' என்று கூப்பிட்டுத் திட்டக்கூடாது, கூப்பிட்டு மருந்து ஊற்றக்கூடாது, ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுக் கட்டிப்போடவும் கூடாது. அதற்கெல்லாம் நீங்கள் எழுந்து அது இருக்கிற இடத்துக்குப் போங்கள். கோழியை விரட்டிவிட்டு, கூப்பிட்டதும் திரும்பி வந்த குட்டிக்கு அடி விழுந்தால், கோழியை விரட்டியதற்கு அடி என்று அதற்குப் புரியாது. வந்ததற்கு அடி என்றுதான் புரியும். அடுத்த தடவை ரோட்டில் லாரி வரும்போது கூப்பிட்டால் நின்று யோசிக்கும்.

'அடியாத மாடு படியாது' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அடித்துப் பழக்கிய மாட்டை ஓட்டியவர்களுக்கும், பேரைச் சொல்லி ஏரில் திருப்பியவர்களுக்கும் எந்த மாடு சாயங்காலம் வரை உழுதது என்று தெரியும். நாய் விஷயத்தில் அடியால் வருகிற கெடுதி இன்னும் ஒன்று. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்திவிடும், பயம் மட்டும் உள்ளேயே இருக்கும். அப்புறம் ஒரு நாள் எச்சரிக்கை இல்லாமல் ஒரு குழந்தையைக் கடிக்கும். 'ஒண்ணுமே பண்ணலைங்க, திடீர்னு கடிச்சிருச்சு' என்பார்கள்.

கோழிப் பக்கம்

இங்கேதான் இனம் பேசும். சிப்பிப்பாறையும் கன்னியும் ராஜபாளையமும் கண்ணால் பார்த்து ஓட்டத்தால் பிடிக்கிற வேட்டை நாய்கள். எதிரே எது ஓடினாலும் காலில் வேகம் வந்துவிடும். அது குணக்கேடு இல்லை, நம் முன்னோர் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த குணம். கோம்பை காவலுக்குக் கெட்டிக்காரன், ஆனால் சொன்னதைக் கேட்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான். நாட்டுத் தெருநாய்க்குட்டிகள் பல கோழியோடு ஒத்துப்போவதில் இவர்களைவிட எளிது என்பது என் கணிப்பு.

எந்தக் குட்டியானாலும் முறை ஒன்றே. நீளக் கயிற்றில், கோழியைக் கண்டாலும் நம் கைத்தீனியைத் தின்ன மனம் இருக்கிற தூரத்தில் நிறுத்துங்கள். அது இருபது அடியாக இருக்கலாம், ஐம்பது அடியாகவும் இருக்கலாம். தீனியைத் தொடாமல் கோழியையே வெறித்தால் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்னால் போங்கள். அங்கே 'உட்காரு', அங்கே 'விடு'. கோழியைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தால் 'சரி'. வாரத்துக்குச் சில அடி என்று தூரத்தைக் குறையுங்கள். செத்த கோழியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற வைத்தியத்தைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். நாய்க்கு அது நாற்றம், அவ்வளவுதான், பாடம் எதுவும் இல்லை அதில்.

ஒரு வயது தாண்டும்வரை கோழியோடு தனியாக விட்டுப் போகவேண்டாம். எவ்வளவு நல்ல குட்டியானாலும் ஐந்தாறு மாதத்தில் பால்பல் விழுந்து வளர்ந்தபிறகு ஒரு முரட்டுப் பருவம் வரும். கற்றதெல்லாம் மறந்தது போல நடக்கும். திரும்பவும் முற்றத்திலிருந்து தொடங்கினால் ஒரு வாரத்தில் ஞாபகம் வந்துவிடும்.

ஊசியும் மூட்டையும்

மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்கிற கணக்கில் தொடர் ஊசி. இதில் மூலிகை, நாட்டு வைத்தியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிகுறி வந்தபின் வெறிநோய்க்கு மாற்று கிடையாது, நாய்க்கும் இல்லை, மனிதருக்கும் இல்லை. பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கணும். அது முடியும்வரை முன்பின் தெரியாத நாய்கள் நடமாடும் இடத்தில் குட்டியை இறக்கிவிடாமல், தூக்கிக்கொண்டு போய் ஊரைக் காட்டுங்கள்.

'விடு' நன்றாகப் பழகிய நாயும் நாம் இல்லாத நேரத்தில் நாய்தான். அதனால் ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டை மூடியுள்ள டிரம்மில் இருக்கணும், சாக்கில் அல்ல. வயலில் போட்டால் மேலாகத் தூவிவிட்டு வராமல் குழியில் போட்டு மண் மூடுங்கள். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அதன் தூசி சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். வண்டுப்பானையை வாய் குறுகலானதாக எடுத்து, வண்டு மட்டும் நுழைகிற மாதிரி மேலே கம்பிவலை கட்டுங்கள். அந்தப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்த் தொட்டி ஒன்று குட்டிக்கு இருக்கட்டும். வேப்பம்புண்ணாக்கே போதும் என்கிற நிலத்தில் ஆமணக்கைத் தேடிப் போகவேண்டியதும் இல்லை.

தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காதீர்கள். வாந்தி, ரத்தம் கலந்த கழிச்சல், சோர்வு எல்லாம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து இல்லை. சீக்கிரம் வயிற்றைச் சுத்தம் செய்து, குளுக்கோஸ் ஏற்றி, உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. உப்புக் கரைசல் ஊற்றுவது, விரலை விட்டு வாந்தி எடுக்கவைப்பது எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள். மருத்துவரிடம் 'என்னமோ தின்னுருச்சு' என்று சொல்லாமல், ஆமணக்குப் புண்ணாக்கு என்று பேர் சொல்லி, எத்தனை மணிக்குத் தின்றது, ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள். மூட்டையிலிருந்து ஒரு பிடியைத் தாளில் மடித்துக் கையோடு எடுத்துப் போங்கள்.